சோனியாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?

பொங்கல் கழிந்த மறு வாரம், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டு டீச்சர் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டிக்குள் ஆறேழு குச்சிகள். அதில் மூன்று குச்சியில் மட்டும் பேருக்குச் சில இலைகள். முருங்கைக் கிளையை ஒடித்துச் செருகி வைத்த மாதிரி இருந்தது.

“தம்பி, பொண்ணுக்குப் பிரசவம். ஓசூர் போறேன். வர ஆறு மாசம் ஆகும். இதைக் கொஞ்சம் பார்த்துக்கணும்.”

“இதென்ன பெரிய விஷயம் டீச்சர்? தினம் ஒரு சொம்பு தண்ணி. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.”

டீச்சர் முகத்தில் லேசாகக் கலவரம் தெரிந்தது.

“தினமும் வேண்டாம் தம்பி. அது கேட்டா ஊத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க.”

செடி எப்படிக் கேட்கும் என்று நான் கேட்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டி, “அவர் ரிடையரான வருஷம் ஏற்காட்டுல வாங்கினது” என்றார். அவர் என்றால் டீச்சரின் கணவர். அவர் தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

கையிலிருந்த தொட்டி சட்டென்று கனத்தது.

நாங்கள் இருப்பது காட்டூரில். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூருக்கு முன்னால் வரும் காட்டூர். பெயரில்தான் காடு. மற்றபடி பஸ் ஹாரன், புழுதி, மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயில். ஏற்காட்டுச் செடியை இங்கே வைத்துக் காப்பாற்றுவது என்பது, ஊட்டியிலிருந்து வந்த விருந்தாளியை எங்கள் மொட்டை மாடியில் படுக்கவைப்பதற்குச் சமம் என்று நினைத்துக்கொண்டேன். அதிலிருந்தே என் தப்புகள் ஆரம்பித்தன.

தொட்டி ஓரத்தில் மங்கிப்போன ஓர் அட்டை செருகியிருந்தது. ‘டென்ட்ரோபியம் சோனியா’. ஆர்க்கிட் வகை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண ரிசப்ஷன் மேடையில், பொக்கேயில், ஓட்டல் வரவேற்பறையில் ஊதாவும் வெள்ளையுமாக, பிளாஸ்டிக்கா நிஜமா என்று கிள்ளிப் பார்க்கத் தோன்றும் ஒரு பூ உண்டே, அதுதான். தாய்லாந்துக்காரர்கள் டன் கணக்கில் வளர்த்து உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிற பூ. உஷ்ணப் பிரதேசத்துக்கென்றே ஏற்பட்ட ஜாதி. ஏற்காட்டில் வாங்கியதால் அது ஏற்காட்டுச் செடி ஆகிவிடாது. திருச்சியில் வாங்கினால் ஆப்பிள் திருச்சிப் பழமா என்ன?

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: செடி என்றால் தண்ணீர். ஊற்றினேன். காலையில் ஒரு சொம்பு, ஆபீஸிலிருந்து வந்து ஒரு சொம்பு. நடுவில் பதினோரு மணிக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கு போன்.

“சோனியாவுக்குத் தண்ணி குடுத்தியா? ... வாடியிருக்காளா? ... பாவம், வெயில்ல நிக்கறா, கொஞ்சம் நிழலுக்குக் கூட்டிட்டுப் போ.”

லஞ்ச் அவருக்குள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து மூன்று பேர் தனித்தனியாக வந்து, ரகசியக் குரலில், “யாரு ஸார் சோனியா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். செடி என்றேன். மூன்று பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

செடிதான் என்று நிரூபணமானதும் ஆளாளுக்கு ஆலோசனை. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு, கடலைப் புண்ணாக்கு, வெங்காயத் தோல். ஒரு நண்பர் ஐஸ் கட்டி வைக்கச் சொன்னார். கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை. அமெரிக்காவில் ஓஹியோ, ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2017-ல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். மரப்பட்டைத் துண்டுகளில் வைத்த ஃபெலனாப்ஸிஸ் ஆர்க்கிட்டுகளுக்கு வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்தார்கள். செடிக்கு ஒரு கெடுதலும் வரவில்லையாம். எனக்கு இதில் பிடித்தது குளிர்ச்சி அல்ல, கணக்கு. மூன்று கட்டி என்றால் மூன்று கட்டி. அதற்கு மேல் கை நீளாது. என் சொம்புக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாதே.

நடுநடுவே டீச்சர் போன் செய்வார்.

“எப்படி இருக்கு தம்பி?”

“ஜம்முனு இருக்கு டீச்சர்.”

உண்மையில் ஜம்முனு எல்லாம் இல்லை. மாசி பிறக்கும்போது குச்சிகள் சுருங்க ஆரம்பித்திருந்தன. நன்றாகக் கொழுகொழுவென்று இருந்த தண்டு, காய்ந்த கருணைக்கிழங்கு மாதிரி வரிவரியாக மடிந்துபோனது. இலைகள் தொங்கின. பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? ஐயோ, தாகம்! இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். இன்னும் சுருங்கியது. சத்து போதவில்லை என்று உரக்கடையில் ‘19:19:19’ என்று ஒரு பாக்கெட் வாங்கிவந்து, ஒரு மக்குத் தண்ணீரில் டேபிள் ஸ்பூனால் கோபுரமாக ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, அபிஷேகம் செய்தேன்.

நாலாம் நாள் இலை நுனிகள் கருகின. ஒரு வாரத்தில் ஐந்து இலை கொட்டியது.

“என்னங்க, டீச்சர் வந்தா என்ன சொல்லப் போறீங்க?” என்றாள் மனைவி.

“இதே மாதிரி வேற ஒண்ணு வாங்கி வெச்சுட்டா?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இதைவிடக் கடுமையாக அவள் திட்டியதில்லை.

தொட்டியை ஒரு பையில் போட்டு, டூவீலரில் முன்னால் நிற்கவைத்து, ரோட்டோரத்தில் நர்சரி போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் செடியைப் பார்க்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தார்.

“ஸாருக்கு இரக்க சுபாவமோ?”

“ஏன் கேக்கறீங்க?”

“இந்தச் செடி பட்டினியில செத்து நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் கொல்றது பூரா இரக்கப்படறவங்கதான்.”

சொல்லிக்கொண்டே தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். செடி வெளியே வந்தது. கூடவே ஒரு வாடை, மாசக்கணக்கில் துவைக்காத சாக்ஸ் வாடை. வேர்கள் பழுப்பாகக் கொழகொழத்திருந்தன. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவினார். மேல்தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிஞ்சியது.

“பாருங்க. வேர் செத்துப்போச்சு. வேர் இல்லாதவன் எப்படித் தண்ணி குடிப்பான்? தண்டு சுருங்குது. நீங்க தாகம்னு இன்னும் ஊத்தறீங்க.”

அன்றைக்கு நர்சரியில் நின்றபடி எனக்குப் புரிந்த விஷயம் இது: தாகத்தில் சாகிற ஆர்க்கிட்டும், தண்ணீரில் மூழ்கிச் சாகிற ஆர்க்கிட்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் இலை தொங்கும், தண்டு சுருங்கும். வித்தியாசம் வேரில்தான் தெரியும். மேலே பார்த்து முடிவெடுக்கிறவன் கையில் சொம்பு இருந்தால், அது செடிக்குக் கெட்ட காலம்.

ஏன் இப்படி என்று அப்புறம் தேடித்தேடிப் படித்தேன். உலகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மண்ணில் கால் வைக்காதவை. மரக்கிளையில் தொற்றிக்கொண்டு வாழ்பவை. புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சுகிறவை அல்ல. மரத்தில் குடியிருப்பு மட்டும்தான், அடுப்பு தனி. மழை பெய்தால் வேரில் தண்ணீர் வழியும். மழை நின்றதும் காற்று வந்து காயவைக்கும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். அதற்கேற்ற மாதிரி வேருக்கு ஒரு ஸ்வெட்டர் உண்டு. ‘வெலாமென்’ என்று பெயர். உயிரில்லாத, பஞ்சு போன்ற உறை. மழை பட்டதும் சர்ரென்று உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் மெதுவாக உள்ளே அனுப்பும். அந்தப் பஞ்சு சதா ஊறிக்கொண்டே இருந்தால் காற்றுக்கு வழியில்லாமல் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

அந்தப் பஞ்சுதான் பேசுகிறது. காய்ந்திருந்தால் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும். நனைந்திருந்தால் பச்சையாகிவிடும். வெள்ளை என்றால் ‘தண்ணி குடு’. பச்சை என்றால் ‘சும்மா இரு’.

‘அது கேட்டா ஊத்துங்க’ என்று டீச்சர் சொன்னது கவிதை இல்லை ஸார், டெக்னிக்கல் இன்ஸ்ட்ரக்‌ஷன்!

பெரியவர் சொன்னபடி ஆபரேஷன் நடந்தது. பிளேடை நெருப்பில் காட்டி, அழுகின வேரையெல்லாம் வெட்டினேன். முப்பது வேரில் ஐந்து தேறியது. வெட்டின இடத்தில் மட்டும் பட்டைப் பொடி. பிரியாணிக்குப் போடும் பட்டைதான். பூஞ்சணம் வராமல் இருக்க. நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும் என்பதால் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கச் சொன்னார். பிளாஸ்டிக் தொட்டிக்குப் பதில் பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண்தொட்டி. அதில் மண் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கின மரக்கரி, பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கின செங்கல் துண்டு, இரண்டு நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிய தேங்காய் மட்டைத் துண்டு. இவ்வளவுதான் சோனியாவின் புது வீடு. செலவு மண்தொட்டிக்கு மட்டும்.

இலையில்லாத குச்சிகளை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் பதறிவிட்டார். அந்த மொட்டைக் குச்சிகள் செடியின் சேமிப்புக் கணக்காம். தண்ணீரும் சத்தும் அதில்தான் டெபாசிட். பச்சையாகக் கெட்டியாக இருக்கும்வரை அவற்றைத் தொடக்கூடாது. வேர் இல்லாத நாளில் செடி அதை எடுத்துத்தான் சாப்பிடும். நமக்கு பி.எஃப். மாதிரி.

“புது வேர் வர்ற வரைக்கும் உரம்னு பேச்சே எடுக்கக்கூடாது. காலையில லேசாத் தெளிங்க, அதோட சரி. மீதி நேரம் ஸார் வேற ஏதாவது வேலை பாருங்க.”

அந்த ‘வேற வேலை’தான் கஷ்டம். சொம்போடு போய் நிற்பேன். வேர் பச்சையாக இருக்கும். திரும்பி வருவேன். இப்படி ஒன்றரை மாதம். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை, பழைய குச்சியின் அடியில் கடுகு சைஸில் பச்சையாக ஒரு முனை. நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“என்னாச்சு?”

“வேர்!”

“வேரா? நான் என்னமோ பாம்புன்னு நெனச்சேன்” என்று திரும்பிப் போய்விட்டாள். ஆனால் அன்றைக்குக் காபியில் சர்க்கரை ஒரு அரை ஸ்பூன் கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, ரூமில் ஒரு செடி வைத்துப் பார்க்கலாமே என்று நினைக்கும் வாலிப நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை நாளைக்கு ஒரு தரம் தண்ணீர்? எல்லோரும் கேட்கிற இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். ஐப்பசியில் பெருமாளுக்குத் திருமஞ்சனத் தண்ணீர் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வரும். மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில். ரங்கநாதருக்கே மாதத்தைப் பார்த்துத்தான் தண்ணீர். சோனியா எம்மாத்திரம்? கத்திரி வெயிலில் கரியும் ஓடும் போட்ட மண்தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். அப்போது தினமும் ஊற்றினாலும் தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் ஊற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வேரின் நிறத்தைப் பாருங்கள். வேர் உள்ளே மறைந்திருந்தால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் வைத்துவிடுங்கள். லேசாக இருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது, அடி ஓட்டையில் வழிந்து ஓடுகிற மாதிரி ஊற்ற வேண்டும். அடியில் தட்டு வைத்து அந்தத் தண்ணீரைத் தேக்கவும் கூடாது.

ஊற்றுவது காலையில். இருட்டுவதற்குள் இலை இடுக்கெல்லாம் காய்ந்துவிட வேண்டும். குருத்தில் தண்ணீர் ராத்தங்கினால் அழுகல் வரும், முக்கியமாக ஃபெலனாப்ஸிஸுக்கு. இன்னொரு சங்கதி: மரத்தில் தொற்றி வாழும் பல ஆர்க்கிட்டுகள் பகலில் இலைத் துவாரங்களை மூடிக்கொண்டு, ராத்திரிதான் திறந்து கரியமில வாயுவை இழுத்து வைத்துக்கொள்கின்றன. பகல் வெயிலில் தண்ணீர் வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. நைட் ஷிஃப்ட்! எங்கள் காட்டூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஜாஸ்தி. பாதி வீடுகளில் பகலில் குழந்தைகளை ‘ஷ்ஷ்ஷ்’ என்று அடக்கிக்கொண்டிருப்பார்கள். சோனியாவும் அந்த கோஷ்டிதான் என்று தெரிந்ததும் ஊர்ப்பாசம் வந்துவிட்டது.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற ரகம். அந்த உப்பு வேரிலும் படியும். மழைத் தண்ணீர் உத்தமம். ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரிலும் உப்பு இல்லை. பக்கெட் வைத்துப் பிடித்தால் போதும். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டி விட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அடுத்து உரம். பாக்கெட்டில் போட்டிருக்கும் மூன்று நம்பர்களும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவிகிதம். 19:19:19 என்றால் மூன்றும் சமம், வீட்டுச் செடிக்கு அது போதும். ஆனால் மரக்கிளையில் இருக்கிறவனுக்கு யார் மூட்டை மூட்டையாக உரம் போட்டார்கள்? பறவை எச்சம், மக்கின இலை, பட்டையில் சேர்ந்த தூசி, இவற்றைக் கழுவிக்கொண்டு வருகிற மழைநீர்தான் சாப்பாடு. பரம நீர்த்த ரசம். அவனுக்குப் போய்க் கல்யாண விருந்து பரிமாறினால்?

நான் கோபுர ஸ்பூன் போட்டபோது நடந்ததைப் புரிந்துகொள்ள மாவடு ஜாடியைத் திறந்து பார்த்தால் போதும். உருண்டையாக இருக்கும் வடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், இரண்டு நாளில் அதன் தண்ணீரெல்லாம் வெளியே வந்து வடு சுருங்கிவிடும். ரசாயன உரமும் ஒரு ஜாதி உப்புதான். ஜாஸ்தி போட்டால் வேருக்குள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். நான் சோனியாவுக்குச் சாப்பாடு போடவில்லை. ஊறுகாய் போட்டிருக்கிறேன்.

எனவே நீர்மோர் பதம். லிட்டருக்கு ஒரு கிராம், அதற்குக் குறைந்தால் இன்னும் உத்தமம். செடி துளிர்விட்டு வளர்கிற காலத்தில் வாரம் ஒரு முறை. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி வேரை நனைத்துக்கொண்டு, பிறகுதான் உரத் தண்ணீர். காய்ந்த வேரில் நேராக ஊற்றக் கூடாது. மாதத்தில் ஒரு வாரம் உரத்துக்கு லீவு, அன்றைக்கு வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் தேங்கின உப்பைக் கழுவிவிட வேண்டும். வளர்ச்சி நின்று செடி ஓய்வெடுக்கும்போது உரமும் நிற்க வேண்டும். தூங்குகிறவனை எழுப்பிச் சாப்பிடச் சொல்வது நம் வீட்டுப் பழக்கம், செடிக்கு ஆகாது. புண்ணாக்கு போடுகிறவர்கள் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, தெளிவை மட்டும் எடுத்து, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றட்டும். கட்டியாகப் போட்டால் கரி இடுக்கில் அடைத்துக்கொண்டு வேர் அழுகும். டீத்தூளும் முட்டை ஓடும் அப்படியே, ஆபீஸ் நண்பர்கள் மன்னிக்கவும்.

வாங்கும்போது டென்ட்ரோபியம் அல்லது வாண்டா என்று கேட்டு வாங்குங்கள், நம் சமவெளி உஷ்ணத்தைத் தாங்கும். ஸிம்பிடியம் என்று மலைப்பக்கம் அழகாக ஒன்று விற்பார்கள். ராத்திரிக் குளிர் இல்லாமல் அது பூக்காது. ஆசைப்பட்டு இங்கே கொண்டுவந்தால் புல் வளர்த்த புண்ணியம்தான் மிஞ்சும்.

வாண்டா என்ற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து போனது. அதில் ஒரு ஜாதி நம் சமவெளிகளில் மாமரம், அந்த மரம் இந்த மரம் என்று தானாகவே தொற்றி வளர்கிறது. இதை நான் பெருமையாகப் படித்துக் காட்டியபோது மனைவி, “எங்க ஊர்ல மாமரத்துல இருக்குமே, வேர் தொங்கிக்கிட்டு? அதுக்கு யார் தண்ணி ஊத்தினா?” என்றாள். அதானே? சிங்கப்பூரில் 1893-ல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் பூத்த ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்ற ஆர்க்கிட், 1981-ல் அந்த நாட்டின் தேசியப் பூ ஆயிற்று. எங்கள் ஊர் மாமரத்து வாண்டாவுக்குப் பேர் சொல்லக்கூட ஆளில்லை.

ஆறு மாதம் என்று போன டீச்சர் எட்டு மாதம் கழித்து, புரட்டாசி பிறந்ததும் வந்து சேர்ந்தார். பேத்தி. ஓசூர்க் குளிரில் கொஞ்சம் இளைத்திருந்தார். பெட்டியை இறக்கி வைத்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ராத்திரியே தீர்மானம் பண்ணியிருந்தேன். “டீச்சர், நடுவுல ஒரு தப்பு நடந்துபோச்சு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் தம்பி.”

“எப்படி?”

“எப்பக் கேட்டாலும் ஜம்முனு இருக்குன்னு சொன்னீங்க. செடி வளர்க்கறவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. இலையில புள்ளி, எறும்பு வருது, ஏதாவது ஒரு குறை சொல்லுவாங்க. வைகாசியில ஒரு நாள் ‘ஒரு வேர் மட்டும் வளைஞ்சு வளருது டீச்சர், பரவாயில்லையா?’ன்னு கேட்டீங்க பாருங்க, அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.”

பால்கனிக்கு அழைத்துப் போனேன். காலை வெயில் நேராகவும், பிறகு பச்சை வலைக்குள் வடிகட்டியும் விழுகிற இடம். பழைய குச்சி ஒன்றின் நுனியிலிருந்து வளைந்த காம்பில் நாலு மொட்டு. ஒன்று அன்றைக்குத்தான் பிரிந்திருந்தது. ஊதா, உள்ளே வெள்ளை.

டீச்சர் வெகுநேரம் பேசவில்லை.

“அவர் போனதுலேர்ந்து பூக்கவே இல்லை, தம்பி” என்றார்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டு ஹாலை எனக்குத் தெரியும். ஜன்னல் எதிர்ச்சுவரில். ஸார் படம் உள்பக்கச் சுவரில். தொட்டி மூன்று வருஷமும் அந்தப் படத்துக்குக் கீழே, ஸ்டூல் மேல்தான் இருந்தது. வெளிச்சம் போதாது. வெளிச்சம் இல்லாவிட்டால் ஆர்க்கிட் உயிரோடு இருக்கும், பூக்காது. எந்த உரம் போட்டாலும் பூக்காது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? துக்கத்தால்தான் பூக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம் போய், இல்லை டீச்சர், வெளிச்சம் போதவில்லை என்றா?

“இதை... இனிமே வெளியிலேயே வெச்சுக்கலாமே டீச்சர், காத்தாட” என்று மென்று முழுங்கினேன்.

அவர் சிரித்தார்.

“முப்பத்திரண்டு வருஷம் பாட்டனி எடுத்திருக்கேன் தம்பி. வெளிச்சம் இல்லாம பூக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அவருக்குப் பக்கத்துல இருக்கட்டும்னுதான் வெச்சிருந்தேன். பூக்காட்டிப் போகுது, கூட இருந்தாப் போதும்னு தோணிச்சு.”

கொஞ்ச நேரம் பூவையே பார்த்தார். அப்புறம், “பேத்தி பிறந்தப்புறம் அப்படித் தோணலை. வாசல்லயே தொங்கவிட்டுடலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய் ஆணி அடித்துக் கம்பியில் தொங்கவிட்டுக் கொடுத்தேன். இப்போது எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும். ஆபீஸ் கிளம்பும்போது வண்டியை நிறுத்தி ஒரு நிமிஷம் எட்டிப் பார்ப்பேன்.

“தினமும் வாங்க தம்பி, வந்து பாருங்க” என்று டீச்சர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். “சொம்பை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வாங்க!”